ஒன் பை டூவுக்குப் பொட்டு கிடையாது

மார்ச் 1, சனி

புது வருஷத்துக்கு கிளப் மெம்பர் ஒருவர் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக என் மனைவி கலாமணி இதில் ஜாக்கெட் அளவு எழுதிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பிடுங்கிக்கொண்டேன். யாரிடமாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும். அவளிடம் சொன்னால் தையல் மிஷினை நிறுத்தாமலே சிரிக்கிறாள்.

விஷயம் இதுதான். நொய்யல் கிளப்பில் டிப்ஸ் வாங்கக்கூடாது. மெம்பர் சாப்பிடுவார், பில்லில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பிருந்தே இதுதான் வழக்கம். இன்றைக்கு மேனேஜர் சுகுமார் எங்கள் எல்லாரையும் பேன்ட்ரியில் நிற்கவைத்து, "இனிமே ஆர்டர் எடுத்தா மட்டும் பத்தாது. விக்கணும்" என்றார். இன்சென்டிவ் வருகிறதாம். மெம்பர் தானாகக் கேட்டதற்கு மேல் சூப், புட்டிங், செஃப் ஸ்பெஷல் என்று எதை விற்றாலும் நம் பெயருக்கு எதிரே வெள்ளை போர்டில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுவார். பொட்டுக்கு ஏற்ப மாதக் கடைசியில் பணம். மே முடியும்போது யாருக்குப் பொட்டு அதிகமோ, அவர்தான் மொட்டைமாடியில் கட்டும் புது ஹாலுக்குக் கேப்டன்.

கேப்டன் என்றால் கறுப்புக் கோட்டு. நாங்கள் போடும் வெள்ளைச் சட்டை இல்லை.

சமையல்கார மாரப்பன் அண்ணன், "ஒன் பை டூ போனா பொட்டு உண்டுங்களா?" என்று கேட்டார். ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் பாதி பாதியாக ஊற்றிக் கொடுப்பதுதான் ஒன் பை டூ. கோடீஸ்வரர்களுக்கும் அதில் ஒரு பிரியம்.

"ஒண்ணை ரெண்டாப் பிரிக்கறதுக்கெல்லாம் பொட்டு கிடையாது" என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தோம்.

கோட்டு எனக்குத்தான். இதில் சந்தேகமே வேண்டாம். எந்த மெம்பர் எந்த நாற்காலியில் உட்காருவார், யாருக்கு ஐஸ் கூடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மெனு கார்டை நான் நீட்டியதே கிடையாது. "வழக்கம்போலதானுங்களே சார்?" என்பேன். "ஆமாப்பா" என்பார்கள். கேள்வியே கேட்காமல் பரிமாறுகிறவன் இந்த கிளப்பில் நான் ஒருவன்தான்.

மார்ச் 4, செவ்வாய்

ரெக்ஸன் பெயருக்கு எதிரே ஒரு வரிசை நிறையப் பொட்டு. என் பெயருக்கு எதிரே ஒன்று. அதுவும் மெம்பர் வீட்டுக் குழந்தை தானாகக் கேட்ட ஐஸ்கிரீம்.

இந்த ரெக்ஸன் மார்த்தாண்டத்துப் பையன். தை பிறந்தபிறகு வேலைக்குச் சேர்ந்தவன். எதற்கெடுத்தாலும் 'ஆக்கும்' போடுவான். மூன்று மேசை தள்ளி நின்றாலும் அவன் சென்ட் வாசனை வருகிறது. போர்டைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன். எப்படியோ கண் போய்விடுகிறது.

மார்ச் 8, சனி

தேவராஜுலு சார் வந்தார்! பொங்கலுக்கு முன்னால் பெங்களூர் மகன் வீட்டுக்குப் போனவர், இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறார். டென்னிஸ் மைதானம் தெரியும் ஜன்னலோர மேசை, என் பகுதி. கிளப்பில் எத்தனை ஸ்டீவர்ட் இருந்தாலும், "நாச்சிமுத்து எங்கே?" என்று கேட்கிற ஒரே மெம்பர் அவர்.

ரெக்ஸனைக் கூப்பிட்டு, "நின்னு பாரு. சர்வீஸ்னா என்னன்னு தெரிஞ்சுக்க" என்றேன்.

சார் கொஞ்சம் இளைத்திருந்தார். "வழக்கம்போலதானுங்களே சார்?" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் திரும்பிவிட்டேன். அவர் சொல்லியா எனக்குத் தெரியவேண்டும்? ஸ்வீட் கார்ன் சூப், ஒன் பை டூ. சார் மனைவி ரங்கநாயகி அம்மா லேடீஸ் பக்கத்துச் சீட்டு ரூமில் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்து வருவார். எப்போதும் அப்படித்தான். அதனால் சாருக்கு ஒரு கிண்ணம் வைத்தேன். எதிர் நாற்காலிக்கு முன்னால் அம்மா கிண்ணத்தை வைத்து, ஆறிப்போகாமல் சாஸரால் மூடினேன். அம்மாவுக்கு மிளகுத்தூள் தூக்கலாக வேண்டும். அதையும் பக்கத்தில் வைத்தேன்.

சார் மூடிய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது. பெரிய இடத்திலும் இருக்கும்தானே. நான் கேட்கவில்லை. மெம்பர் விஷயத்தில் என் காதுக்கும் வாய்க்கும் வேலை கிடையாது.

ரெக்ஸன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பேன்ட்ரிக்கு வந்ததும், "அண்ணே, உங்களுக்கு இப்படி ஒரு மனசா" என்றான். கற்றுக்கொள்ளட்டும்.

வரும் வழியில் கலாமணிக்கு மைசூர்பா வாங்கினேன். வாராவாரம் வாங்குவதுதான். "எனக்கெதுக்குங்க" என்று வாங்கி ஷெல்ஃபில் வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

மார்ச் 15, சனி

இன்றைக்கு மானம் போயிற்று.

தேவராஜுலு சார் உள்ளே வந்தார். நான் ஜன்னலோர நாற்காலியை இழுத்துவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே தூண் பக்கம் போய் உட்கார்ந்தார். தூண் பக்கம் ரெக்ஸனுடையது!

இழுத்த நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளவேண்டியதாயிற்று. அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. என்ன வசியம் வைத்தான் அந்தப் படுபாவி?

மார்ச் 22, சனி

இன்றும் தூண் பக்கம்தான். தண்ணீர் ஜாடியோடு இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ரெக்ஸன் மேசைமேல் குனிந்து மெதுவாகப் பேசுகிறான். சார் பேசுகிறார், இவன் கேட்கிறான். சார் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்டீவர்டுக்கு மெம்பரோடு என்ன அத்தனை பேச்சு? கடைசியில் இளநீர் புட்டிங் கொண்டுபோய் வைத்தான். தேவராஜுலு சார் புட்டிங் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்டார்!

உடனே போர்டில் ஒரு பொட்டு. நாற்று நட்ட வயல்போல அவன் வரிசை பச்சைப்பசேலென்று இருக்கிறது.

பணம் போனால் போகட்டும். மெம்பரைத் தட்டிக்கொண்டு போகிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 5, சனி

போன மாத இன்சென்டிவ் வந்தது. ரெக்ஸன் எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, வயிறு எரியத்தான் செய்தது.

இவன் செய்வதை நாமும் செய்தால் என்ன என்று கர்னல் சாரிடம் போனேன். ரசம் சாதம் தவிர எதையும் தொடாதவர். "சார், இன்னைக்குச் செஃப் ஸ்பெஷல் மெக்சிகன்..." என்று ஆரம்பித்தேன்.

"நாச்சிமுத்து, உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்றார்.

ரசம் சாதம்தான் போயிற்று. பேன்ட்ரியில் மாரப்பன் அண்ணன் அப்பளக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பரவாயில்லை, பழகிக்கொண்டு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த சின்ன வயசு மெம்பர்கள் என்ன சொன்னாலும் வாங்குகிறார்கள். அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியாது என்பதால் கேட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது. கேட்டால் விற்கிறது. இது என்ன கூத்தோ!

என் வரிசையும் நீள்கிறது. ஆனாலும் அவன் முன்னால்தான் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் சார் தூண் பக்கம்தான்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா வாசலில் என்னைப் பார்த்து, "தம்பி வாங்கற மைசூர்பா வாயில வெச்சா கரையுதுங்க" என்றது. அதை எப்படி இந்த அக்கா சாப்பிட்டது? கலாமணியிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மே 3, சனி

பொறுத்தது போதும். மேனேஜர் ரூமுக்குப் போய் நேராகவே சொல்லிவிட்டேன். "ரெக்ஸன் என்னோட டேபிள் மெம்பரைக் கலைச்சுட்டுப் போயிட்டானுங்க. வயசானவருங்க. பேசிப் பேசி மயக்கிக் கண்டதையும் தலையில கட்டறான்."

சுகுமார் ரெக்ஸனைக் கூப்பிட்டார். "நீ கூப்பிட்டியா அவரை?"

"இல்ல சார். அவராவே வந்து இருந்ததாக்கும்."

"ஏன் வந்தார்?"

ரெக்ஸன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "அதை அவருகிட்டதான் கேக்கணும் சார்" என்றான்.

மெம்பரிடம் இதையெல்லாம் போய்க் கேட்க முடியுமா? தேவராஜுலு சார் மேசையில் விழுந்த பொட்டு எல்லாவற்றையும் அவன் வரிசையிலிருந்து உரிக்கச் சொன்னார் மேனேஜர். அவனையே உரிக்கவைத்தார். நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தான். இப்போது அவனும் நானும் கிட்டத்தட்ட சமம்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 10, சனி

என்ன எழுதுவது?

சார் இன்றும் வந்து தூண் பக்கம் உட்கார்ந்தார். பொட்டு கிடையாது என்று தெரிந்தும் ரெக்ஸன் போய் அவரோடு அதேபோலப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. அவன் பேன்ட்ரிக்கு வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"எத்தனை வருச பழக்கம்டா அது! அவருக்கு என்ன வேணும்னு உனக்கு என்னடா தெரியும்? அம்மாவுக்கு மொளகுத்தூள் எவ்வளவுன்னு தெரியுமாடா உனக்கு?"

"விடுங்கண்ணே. அம்மா பேரை எதுக்கு இதுல இழுக்குறிய?"

"இழுப்பேன்டா. அடுத்த வாரம் அம்மாவே வரட்டும். சீட்டு ரூம் வாசல்ல நின்னு நான் நேர்லயே கேக்கறேன், எதுக்குங்க டேபிள மாத்துனீங்கன்னு."

அவன் கண் அப்படியே நின்றுவிட்டது. என் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.

"அண்ணே... அம்மா எறந்தது உங்களுக்குத் தெரியாதா?"

மாரப்பன் அண்ணன் அடுப்பை அணைத்தார்.

தைப்பூசத்துக்கு முன்னால் பெங்களூரில் இறந்துவிட்டாராம். மாரடைப்பு. கிளப் நோட்டீஸ் போர்டில் போட்டோ வைத்து மாலை போட்டிருந்தார்களாம். நான் அப்போது லீவு போட்டுவிட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் போட்டோவை எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவுக்குத் தெரியாத மெம்பர் விஷயம் இருக்குமா?

"அப்ப அன்னைக்கு அந்தக் கிண்ணம்?" என்றார் மாரப்பன் அண்ணன். "அம்மாவுக்குப் படையலா வெச்சேன்னுல்லப்பா நாங்க நெனச்சோம். உனக்குத்தான் அந்த மனசு வரும்னு பேசிக்கிட்டோமே."

"சாரும் அப்படித்தான் நெனச்சாரு" என்றான் ரெக்ஸன். "அந்த மேசையில இருந்தா தாங்க முடியலன்னாக்கும் தூண் பக்கம் வந்தாரு. அதை எப்படி மேனேஜர்கிட்ட சொல்ல?"

டிரேயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். எந்த மேசைக்கு என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

மே 11, ஞாயிறு

ஜன்னலோரம் உட்கார்ந்தால் சீட்டு ரூம் சாருக்குப் பின்பக்கம்தான் இருக்கிறது. அம்மா அந்தக் கதவு வழியாகத்தான் வருவார். எதிர் நாற்காலிக்கு முன்னால் மூடிய கிண்ணத்தை வைத்தேன். மிளகுத்தூளும் வைத்தேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தாரே, நான் திரும்பிவிட்டேனே.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?" இதைக் கேட்க எத்தனை நேரம் ஆகும்? சார் பேசியதையெல்லாம் ரெக்ஸன் நின்று கேட்டிருக்கிறான்.

காலையில் கலாமணியிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சும்மா சொல்லு. சாயங்காலம் என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"எனக்குத் தை மாசத்துல இருந்தே சர்க்கரைங்க. பாப்பாத்தி அக்கா கூடத்தான் போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்தேன். ரெண்டு தடவை உங்ககிட்ட சொன்னனுங்க. நீங்க செரி செரின்னுட்டு மைசூர்பாவை நீட்டுனீங்க."

சுண்டல் கடலை வாங்கிவரச் சொன்னாள்.

மே 13, செவ்வாய்

மேனேஜரிடம் போய், நான் சொன்னது தப்பு, அந்தப் பொட்டுகளை ரெக்ஸனுக்கே திரும்ப ஒட்டிவிடுங்கள் என்றேன். "கோட்டு அவனுக்குப் போயிடும்யா, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன்.

பரவாயில்லை என்றது பொய். வெளியே வந்து கை கழுவும் இடத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்து என்னை நானே அசிங்கமாகத் திட்டிக்கொண்டேன்.

மே 17, சனி

சார் வந்தார். நான் ஸ்டோர் ரூமில் நாப்கின் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை மடித்தேன்.

மே 30, வெள்ளி

ரெக்ஸன்தான் கேப்டன். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கும்.

இதோடு விட்டதா? மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அந்தக் கறுப்புக் கோட்டு எங்கள் வீட்டுக் கொக்கியில் தொங்குகிறது! தோள் லூசாக இருக்கிறதாம். கலாமணி நன்றாகத் தைப்பாள் என்று யாரோ சொல்லி, ரெக்ஸனே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கலாமணி பட்டன் வாங்கக் கடைக்குப் போனதும் போட்டுப் பார்த்தேன். தோள் எனக்குக் கச்சிதம். அளவெடுத்துத் தைத்தமாதிரி நின்றது. பீரோக் கண்ணாடிமுன் கொஞ்சம் குனிந்து, "வெல்கம் சார்" என்றேன்.

வாசலில் கலாமணி நின்றாள். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "கழட்டுங்க, பிடிச்சுத் தைக்கணும்" என்றாள். கழற்றும்போது காலரை அவளே பிடித்துக்கொண்டாள்.

எரிகிறது. இல்லை என்று எழுதினால் இந்த டைரிக்கே அடுக்காது.

ஜூன் 1, ஞாயிறு

மொட்டைமாடி ஹால் திறப்பு. கிளப்பே மேலேதான். நாதஸ்வரம், சீரியல் விளக்கு, கறுப்புக் கோட்டில் ரெக்ஸன். கோட்டு அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கலாமணி தைத்ததாயிற்றே. கீழே பழைய ஹாலில் நான் ஒருவன் மட்டும். யாரும் வரமாட்டார்கள் என்று பாதி விளக்கை அணைத்துவைத்திருந்தேன்.

தேவராஜுலு சார் வந்தார். ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

போகாமல் இருக்க வழியில்லை. போய் நின்றேன். 'வழக்கம்' என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "என்ன சாப்பிடறீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, புதுசா கேக்கறே?"

"சார், ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு."

"அன்னைக்கு நான் வெச்ச கிண்ணம்... அது படையல் இல்லீங்க சார். எனக்குத் தெரியாதுங்க. நான் பழனியில இருந்தனுங்க. அம்மா சீட்டு ரூம்ல ஆடிட்டிருக்காங்கன்னு நெனச்சுத்தான் வெச்சேன். ஆறிடக்கூடாதுன்னு மூடி வெச்சேன். உங்களைக் கேக்கக்கூட இல்லீங்க."

மேலே நாதஸ்வரம் நின்று யாரோ மைக்கில் பேச ஆரம்பித்தார்கள். சார் திரும்பி, சீட்டு ரூம் கதவைப் பார்த்தார். திட்டிவிட்டாலாவது தேவலை என்று இருந்தது எனக்கு.

"சீட்டு ரூம்லயா?" என்றார். "ஆடிட்டிருக்கான்னா நெனச்சே?"

"ஆமாங்க சார்."

"நோட்டீஸ் போர்டு பாத்து ஊரே வந்து கையைப் பிடிச்சுட்டுப் போச்சு. அன்னைக்கு இந்த கிளப்புல உனக்கு மட்டும் அவ உசுரோட இருந்திருக்கா." கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஜெயிச்சிருப்பாளா?"

எனக்கு எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. "அம்மா என்னைக்குங்க சார் தோத்தாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அழுகையும் கூடவே வந்தது. நான் திரும்பிப் போகவில்லை, அங்கேயே நின்றேன்.

"கொண்டாப்பா" என்றார்.

"என்ன கொண்டுவரட்டுங்க சார்?"

"வழக்கம்போல."

பேன்ட்ரியில் ஆள் இல்லை. நானே சூப்பைச் சுடவைத்து, இரண்டு கிண்ணத்தில் சரிபாதியாக ஊற்றினேன். ஒன்றைச் சாருக்கு முன்னால் வைத்தேன். இன்னொன்றை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்து, சாஸரால் மூடி, மிளகுத்தூளைப் பக்கத்தில் வைத்தேன். சார் தன் கிண்ணத்தை மிச்சமில்லாமல் குடித்தார். பிறகு அம்மாவின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். மிளகுத்தூளைத் தூக்கலாகவே போட்டார். இருமி இருமி அதையும் குடித்தார்.